ஒரு லிட்டர் டீசலில் எத்தனை பேர்?

“ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ கூட வராது. ஆனால் அது எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளிவருகிறது. எப்படி?” என்று எங்கள் அறிவியல் சிஸ்டர் ஒருநாள் வகுப்பில் கேட்டார்கள். வகுப்பே மௌனமாகிவிட்டது. இல்லாத எடை எங்கிருந்து வரும்? சிஸ்டர்தாம் தவறாகச் சொல்லிவிட்டார்களோ என்று கடைசி வரிசையில் இருந்த நாங்கள் இரண்டு பேர் முணுமுணுத்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

விடை எங்கள் வேதியியல் பாடத்திலேயே இருந்தது. பெட்ரோலில் பெரும்பகுதி கார்பன். அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயு ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 630 கிராம் கார்பன் உள்ளது. அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,310 கிராம் வருகிறது. டீசல் சற்றுக் கனமானது, அதற்கு 2.6 கிலோ. அதாவது, நாம் ஒரு லிட்டர் எண்ணெயை வாங்கி, அதைப் போல மூன்று மடங்கு எடையுள்ள ஒரு பொருளைக் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

கண்ணுக்குத் தெரியாதது என்பதால்தான் பலர் இதில் குழம்புகிறார்கள். “புதிய வண்டியில் புகையே வருவதில்லையே” என்பார்கள். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் வண்டிகளுக்கு ‘பாரத் ஸ்டேஜ் 6’ என்ற விதி வந்தது. அதனால் கரும்புகை, கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவை வெகுவாகக் குறைந்தன. நம் நுரையீரலுக்கு அது பெரிய உதவி. ஆனால் கரியமில வாயு வேறு. எரிபொருளில் கார்பன் இருக்கும் வரையில் எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் அது வந்தே தீரும். அதைக் குறைக்க வேண்டுமானால் எரிக்கும் எண்ணெயின் அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயையே மாற்ற வேண்டும்.

கரியமில வாயு போன்றவற்றைப் ‘பசுமை இல்ல வாயுக்கள்’ என்கிறோம். பகலில் வெயிலால் சூடேறும் நிலம் அந்த வெப்பத்தை மீண்டும் வானுக்கு அனுப்பும்போது இவ்வாயுக்கள் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இந்தியாவில் எரிபொருள்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு போக்குவரத்தினால் வருகிறது. அதில் மிகப் பெரும்பகுதி சாலையில் ஓடும் வண்டிகளுடையது. அந்த எண்ணெய்க்கான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்.

உலகத்துக்குப் பொதுவான இந்த விஷயம் கடலூருக்கு மட்டும் சற்று நெருக்கமானது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு ஆகியவை கடலைச் சேர்வது நம் மாவட்டக் கரையில். தெற்கு எல்லையில் கொள்ளிடம். மேட்டில் பெய்த மழையெல்லாம் கடைசியில் நம் தெருவுக்கு வரும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் நம் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை மீண்டும் கரை புரண்டது. எந்த ஒரு புயலையும் காட்டி, இது வண்டிப் புகையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெப்பம் கூடினால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, பெய்யும் மழை கனக்கிறது. கடல்மட்டம் உயர்ந்தால் வெள்ளம் வடிய வழி குறைகிறது. இவற்றை விஞ்ஞானிகள் ஐயமின்றிச் சொல்கிறார்கள்.

இனி, கணக்குக்கு வருவோம். கடலூரிலிருந்து சிதம்பரம் சாலை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். பேருந்து ஒன்று ஒரு லிட்டர் டீசலில் 5 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 9 லிட்டர் வேண்டும். 23 கிலோவுக்கு மேல் கரியமில வாயு! கேட்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் 50 பேர் போகிறார்கள். ஆளுக்கு அரைக் கிலோ கூட இல்லை. அதே தூரம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும், 2 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தனியாகப் போனால் 7 கிலோ.

இந்தக் கணக்கை நான் வீட்டில் போட்டுக் காட்டியபோது அப்பா சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார்: “அதே பஸ்ஸில் அஞ்சு பேர் மட்டும் இருந்தா?” போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 4.7 கிலோ. மோட்டார் சைக்கிளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பேருந்து என்றாலே நல்லது என்று எழுதத் தொடங்கியிருந்த என் முதல் கட்டுரையை அன்றே கிழித்துப் போட்டேன். பேருந்து எண்ணெயை மிச்சப்படுத்துவதில்லை. நிறைந்த பேருந்துதான் மிச்சப்படுத்துகிறது. ஆகவே, போக்குவரத்து பற்றிய எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், இதனால் பேருந்து நிறையுமா, காலியாகுமா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

பேருந்து விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமன்று. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகமும், 1975-இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் தொடங்கப்பட்டன. நம் பெற்றோர் அந்தப் பெயர்களை இன்றும் சொல்வார்கள். 1997-இல்தான் அவை மாறின. மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. 2021 மே மாதம் 8-ஆம் நாள் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் எல்லாருக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது.

இத்திட்டம் பெண்களுக்காகக் கொண்டுவரப்பட்டதே ஒழிய, பெட்ரோலுக்காக அன்று. முன்பு நடந்து போன பாட்டி இப்போது பேருந்தில் ஏறினால் அதில் பெட்ரோல் எதுவும் மிச்சமாவதில்லை. என் அம்மா கடலூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது டிக்கெட் செலவு இல்லை என்ற தைரியத்தில்தான். அதற்கு முன் அவர் எங்கும் போகவில்லை. எனவே இலவசப் பயணம் எல்லாமே புகையைக் குறைத்தது என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் வீட்டில் இன்னொரு வண்டி வாங்கலாமா என்ற பேச்சு எழும்போது, “அதான் பஸ் இருக்கே” என்று சொல்ல முடிந்தால், அங்கே மிச்சம் தொடங்குகிறது. அப்படிச் சொல்ல முடியாமற்போன ஒரு வீடு எனக்குத் தெரியும். அது எங்கள் பெரியப்பா வீடு.

எங்கள் ஊர் ஆலப்பாக்கம் நெடுஞ்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பெரியப்பா மகள், எனக்கு அக்கா, சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருடம் பேருந்தில்தான் போனாள். பெரிய சாலையில் வண்டிக்குக் குறைவில்லை. சிதம்பரத்திலிருந்து ஆலப்பாக்கம் வரை எப்படியும் வந்துவிடலாம். அங்கிருந்து ஊருக்குள் வரும் மாலை வண்டியைத் தவறவிட்டால்தான் கஷ்டம். சில நாள் வண்டி கூட்டத்தோடு வந்து நிறுத்தத்தில் நிற்காமலே போய்விடும். மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா செல்போன் வெளிச்சத்தில் தனியாக நடந்து வந்து சேர்ந்தபோது மணி எட்டு. பாட்டி அன்று சாப்பிடவில்லை. “படிச்சது போதும்” என்ற பேச்சு ஒரு வாரம் நடந்தது. கடைசியில் பெரியப்பா தவணைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். அக்காவின் படிப்பு தப்பியது. அதற்காக நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். போக வர நாளொன்றுக்கு 66 கிலோமீட்டர். ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகம். 3 கிலோ கரியமில வாயு. அவள் ஏறாததால் சிதம்பரம் பேருந்து டீசலைக் குறைத்துக் குடிக்கப் போவதில்லை. அது எப்படியும் ஓடத்தான் போகிறது, ஓர் இருக்கை காலியாக. முப்பது கிலோமீட்டருக்கு அவளிடம் நல்ல பேருந்து இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கு இல்லை. அந்த மூன்றுக்காக முப்பத்து மூன்றும் பெட்ரோலுக்குப் போய்விட்டது. அக்கா பேருந்தை வெறுக்கவில்லை. அந்த இருட்டைத்தான் வெறுத்தாள்.

போக்குவரத்துக் கொள்கை பற்றிப் பெரியவர்கள் பேசும்போது மின்சார வண்டியைத்தான் முதலில் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2019-லும் பிறகு 2023-லும் மின்வாகனக் கொள்கை வெளியிட்டது. 2025 ஜூன் 30-இல் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நல்லதுதான். ஆனால் கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது: அந்த மின்சாரம் எதில் வருகிறது? நெய்வேலி நம் பக்கத்திலேயே இருக்கிறது. பழுப்பு நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் ஏறத்தாழ ஒன்றரை யூனிட் எடுத்துக்கொள்ளும். முழுவதும் பழுப்பு நிலக்கரி மின்சாரமானால், பெட்ரோல் வண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புகை வண்டியிலிருந்து நெய்வேலிப் புகைபோக்கிக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவே.

ஆனால் மின்கம்பியில் வருவது நெய்வேலி மின்சாரம் மட்டுமன்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளும், இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும், நீர்மின்சாரமும், அணுமின்சாரமும் அதில் கலந்திருக்கின்றன. நாடு முழுவதற்கும் சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. அப்போது அந்த ஸ்கூட்டரின் பங்கு ஒரு கிலோ. பெட்ரோல் வண்டியில் பாதி. காற்றும் சூரியனும் கூடக் கூட இன்னும் குறையும். இன்று வாங்கும் பெட்ரோல் வண்டி பத்து வருடம் கழித்தும் அதே புகையைத்தான் விடும். மின்சார வண்டி அப்படியன்று. ஆலை மாறினால் வண்டியும் தானே சுத்தமாகும். ஆனாலும் நிறைந்த டீசல் பேருந்தில் ஆளுக்கு அரைக் கிலோதான் என்பதை மறந்துவிடக் கூடாது!

மின்சாரத்தால் உடனே பயன் பெறுவது ரயில். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை, தார்ச் சாலையில் ரப்பர் டயருக்கு ஏற்படுவதைவிடப் பல மடங்கு குறைவு. நம் விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதை வெகுகாலம் மீட்டர் கேஜாக இருந்தது. அகலப் பாதையாக மாற்றும் வேலைக்காகச் சில ஆண்டுகள் ரயிலே இல்லாமல் இருந்து, 2010-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. பிறகு மின்கம்பியும் வந்துவிட்டது. கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. பாதை இருக்கிறது, கம்பி இருக்கிறது, நிலையமும் இருக்கிறது. பள்ளி, கல்லூரி, அலுவலக நேரங்களில் இந்தச் சிறு நிலையங்களில் நின்று போகும் ரயில்கள் இன்னும் சில இருந்தால், புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே எவ்வளவோ பெட்ரோல் மிச்சமாகும். விரைவு ரயில்கள் எங்கள் ஆலப்பாக்கத்தைத் தாண்டிப் போகும்போது ஜன்னலில் தெரியும் முகங்களை எண்ணுவது எங்கள் பொழுதுபோக்கு.

வண்டிகளையும் எரிபொருளையும் பற்றிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 முதல், கார் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயுவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அரசு. 2022 முதல் அந்த எல்லை 113 கிராம். பெட்ரோலில் எத்தனால் கலப்பது இன்னொரு வழி. 2022-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த கலப்பு 2025-இல் இருபது ஆயிற்று. கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுதான் எரியும்போது திரும்பிப் போகிறது என்பது இதன் நியாயம். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கரும்பு புதிதன்று. ஆனால் கரும்பு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும். வீராணம் ஏரித் தண்ணீரை நெல்லும் கேட்கிறது, சென்னையின் குடிநீர்க் குழாயும் கேட்கிறது. இதில் காரும் வந்து வரிசையில் நிற்பதை என்னால் முழு மனத்தோடு வரவேற்க முடியவில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன? நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை செய்யும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கு 1975 ஜூன் மாதத்தில் ஒரு விதி வந்தது. காலை நெருக்கடி நேரத்தில் நகரின் நடுப்பகுதிக்குள் கார் நுழைய வேண்டுமானால் நாளுக்கு 3 டாலர் கட்டி உரிமச் சீட்டு வாங்க வேண்டும். பேருந்துக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேரோ அதற்கு மேலோ ஏறிவரும் காருக்கும் அப்போது கட்டணம் இல்லை! எத்தனை பேர் என்ற என் கேள்வியை அந்த அரசு ஐம்பது வருடங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறது. 1998-இல் அது மின்னணு முறைக்கு மாறியது. கடலூருக்கு இது இன்று தேவையில்லை. லாரன்ஸ் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் கடைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் எனக்குச் சிங்கப்பூர் நினைவு வரும்.

அக்காவின் மூன்று கிலோமீட்டருக்கு எது விடை? எண்ணெயே வேண்டாத வண்டி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே உண்டு: சைக்கிள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல் உடைப்பவர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது, நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கணவரோ அண்ணனோ கொண்டுபோய் விடக் காத்திருந்தவர்கள் தாமாகவே சந்தைக்குப் போனார்கள். அப்போது அதைப் பற்றிக் கரியமில வாயுக் கணக்கு யாரும் போடவில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவருக்கு விலையில்லா மிதிவண்டி தரப்படுகிறது. 2001-ஆம் ஆண்டுவாக்கில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் எல்லாருக்கும் ஆயிற்று. ஆனால் சைக்கிளில் கடலூர் வரை பதினைந்து கிலோமீட்டர் வர என்னால் முடியாது. நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே வர வீட்டில் விடவும் மாட்டார்கள். நிறுத்தம் வரை சைக்கிள், அங்கிருந்து பேருந்து என்றால் முடியும். அதற்கு நிறுத்தத்தில் சைக்கிளை விட்டுப் போக ஓர் இடம் வேண்டும். பெரிய ரயில் நிலையங்களில் டோக்கன் கொடுத்துச் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறார்களே, அது போல. ஒரு கூரை, ஒரு விளக்கு, பூட்டுவதற்கு ஓர் இரும்புக் கம்பி. ஒரு மின்சாரப் பேருந்தின் விலையில் நம் மாவட்டத்தில் எத்தனை நிறுத்தங்களுக்கு இதைச் செய்யலாம் என்று பெரியவர்கள் கணக்குப் பார்த்தால் நன்றாக இருக்கும். மின்சாரப் பேருந்து வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பேருந்தில் நான் போய் ஏற வேண்டாமா?

இப்போது தினமும் காலையில் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, பிறகு மீண்டும் அதே வழியாக வேலைக்குப் போகிறார். இறைவன் அருளால் நான் தேர்வில் தேறினால், அடுத்த ஆண்டு எனக்கும் சைக்கிள் வரும். நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரரிடம் அப்பா இப்போதே பேசி வைத்துவிட்டார். கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதில் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொள்ளலாமாம். மழைக்காலத்தில் மாலை ஆறரை மணிக்கு அங்கிருந்து ஊர் வரை விளக்கில்லாத சாலையில் எப்படி வருவது என்று அம்மா கேட்டார். அக்கா தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.